முதலில் ஃபைல், பிறகு ரெஸ்யூமே: கடலூர், புதுச்சேரியில் வேலை தேடுபவர்களுக்கு

நம் பக்கத்தில் பலருடைய ரெஸ்யூமே ஜெராக்ஸ் கடையில்தான் பிறக்கிறது. கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் ஒரு ஃபைலைத் திறப்பார். பழைய பெயரை அழித்து உங்கள் பெயரைப் போட்டு, மார்க்கைக் கேட்டு நிரப்பி, டீ ஆறுவதற்குள் பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார். அதை வாங்கிக்கொண்டு கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை முழுக்க ஏறி இறங்கிவிட்டு, பஸ் பிடித்துப் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை வரை போய் கேட் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு வருவோம். அதன் பிறகு போன் வராது.

இப்படி அலைந்தவன்தான் நானும். பிறகு வேலை கிடைத்த இடத்தில், வந்து குவியும் ரெஸ்யூமேக்களைப் பிரித்து எச்ஆரிடம் கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. எச்ஆர் அழகைப் பார்ப்பதில்லை. 'இந்த வரிக்கு இந்த ஆளிடம் காகிதம் இருக்குமா, கேட்டால் சொல்லத் தெரியுமா' என்றுதான் பார்க்கிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையும் சான்றிதழ் ஃபைலில் இருந்தே தொடங்குகிறது.

1. சான்றிதழ் ஃபைலைப் பிரித்துக் கட்டிலில் பரப்புங்கள்

ரெஸ்யூமேயில் ஓர் எழுத்துகூட எழுதுவதற்கு முன் இவற்றை எடுத்து வையுங்கள்:

- 10, 12-ம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்
- ஐடிஐ, டிப்ளமோ, டிகிரி எதுவோ அதன் ஒட்டுமொத்த மதிப்பெண் பட்டியல், புரொவிஷனல், பட்டமளிப்புச் சான்றிதழ்
- டிசி
- இதுவரை பார்த்த ஒவ்வொரு வேலைக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாத பே ஸ்லிப்
- பிஎஃப் யுஏஎன் எண் (12 இலக்கம்)
- ஆதார், பான், டிரைவிங் லைசென்ஸ்
- டைப்ரைட்டிங், டேலி, வெல்டிங் டெஸ்ட், முதலுதவி, ஃபோர்க்லிஃப்ட் என்று தனியாக வாங்கிய எந்தச் சான்றிதழும்

ஒரு வெள்ளைத் தாளில் சேர்ந்த மாதம், முடித்த மாதம், வருடம் ஆகியவற்றை இந்தக் காகிதங்களைப் பார்த்தே வரிசையாக எழுதுங்கள். நினைவில் இருந்து எழுதக் கூடாது. 2019-ல் முடித்ததை 2018 என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருப்போம். ஆனால் ரெஸ்யூமேயில் ஒன்றும் சான்றிதழில் ஒன்றும் இருந்தால், பொய் சொல்கிறார் என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்.

ஏதாவது ஒன்று குறைந்தால் இன்றைக்கே விண்ணப்பியுங்கள். பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட் கேட்டால் உடனே வராது. போலீசில் புகார் கொடுத்து, காணவில்லை என்று சான்று வாங்கி, கட்டணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். வேலை கைக்கு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மெயிலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். டிஜிலாக்கரில் 10, 12-ம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கிடைத்தால் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2011-ல் 'தானே' புயல், 2015-ல் வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயல் என்று பார்த்துவிட்ட ஊர்க்காரர்களுக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பீரோவின் கீழ்த்தட்டில் ஃபைல் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

2. பெயரும் இன்ஷியலும்

சின்ன விஷயம்போலத் தெரியும். கடைசியில் காலை வாருவது பெரும்பாலும் இதுதான்.

நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். 10-ம் வகுப்புச் சான்றிதழில் 'செல்வி எஸ்' என்று இருக்கும். ஆதாரில் வெறும் 'செல்வி'. பானில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்து 'செல்வி சுப்ரமணியன்'. பாஸ்போர்ட்டில் அதுவே திரும்பி நிற்கும். ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம் வரும். லாஸ்ட் நேமில் ஒருமுறை இன்ஷியல், இன்னொருமுறை அப்பா பெயர், வேறொருமுறை புள்ளி மட்டும் என்று நிரப்பி வைத்தால் நீங்கள் மூன்று ஆள் ஆகிவிடுவீர்கள்.

நான் சொல்வது இது. 10-ம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயர், அதே ஆங்கில எழுத்துக்கூட்டலில் ரெஸ்யூமேயின் தலையில் வரட்டும். ஆன்லைன் ஃபாரத்தில் லாஸ்ட் நேம் கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிரப்புங்கள். ஆதாரில் வேறுபாடு இருந்தால் ஆதாரைத் திருத்துங்கள். பிறந்த தேதிக்கும் இதே கதைதான். பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த தேதி ஒன்று, ஆதாரில் வேறொன்று என்று இருப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். வேலையில் சேர்ந்ததும் பிஎஃப் கணக்கு ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் கம்பெனியும் நீங்களும் சேர்ந்து கையெழுத்திட்டு ஜாயின்ட் டிக்ளரேஷன் கொடுத்துத் திருத்த வேண்டிவரும். புது இடத்தில் முதல் மாதமே எச்ஆர் பின்னால் அலைவது நல்ல ஆரம்பம் இல்லை.

3. பழைய வேலைகளை எழுதும் முன் பிஎஃப் கணக்கைத் திறங்கள்

கடலூர், நெய்வேலிப் பக்கம் வேலை பார்த்தவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

பிளான்ட்டுக்குள் வேலை பார்த்தோம் என்றால் பிளான்ட்டின் பெயரைத்தான் ரெஸ்யூமேயில் போடுவோம். யூனிஃபார்மிலும் கேட் பாஸிலும் அந்தப் பெயர்தானே இருந்தது. ஆனால் சம்பளம் போட்டவர், பிஎஃப் கட்டியவர் யார்? பலருக்கு ஒப்பந்ததாரர், அதாவது கான்ட்ராக்டர். புது கம்பெனி சரிபார்க்கும்போது பிளான்ட் எச்ஆருக்கு மெயில் போடும். 'இந்தப் பெயரில் எங்கள் சம்பளப் பட்டியலில் யாரும் இல்லை' என்று பதில் வரும். அவர்கள் சொன்னது உண்மை. நீங்கள் அங்கே நான்கு வருடம் ஷிஃப்ட் பார்த்ததும் உண்மை. ரெஸ்யூமேயில் எழுதிய விதம்தான் உங்களைப் பொய்யர் ஆக்கிவிட்டது.

இப்படி எழுதினால் சிக்கல் இல்லை:

பணி: பிளான்ட் ஆபரேட்டர்
நிறுவனம்: (ஒப்பந்ததாரர் பெயர்)
பணியிடம்: (கம்பெனி பெயர்), சிப்காட், கடலூர்
காலம்: ஜூன் 2019 – மார்ச் 2023

இதனால் மதிப்புக் குறையாது. உங்களுக்கு என்ன மெஷின் ஓட்டத் தெரியும் என்பதற்குப் பணியிடமே சாட்சி சொல்லும்.

அடுத்து தேதி. பிஎஃப் மெம்பர் போர்ட்டலில் உள்ளே போய் சர்வீஸ் ஹிஸ்டரி பாருங்கள். ஒவ்வொரு நிறுவனத்திலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி அதில் இருக்கும். உங்கள் தாளில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். வழக்கமாக மூன்று கோளாறுகள் கண்ணில் படும்.

முதலாவது, சேர்ந்து சில மாதம் கழித்துத்தான் பிஎஃப் ஆரம்பித்திருப்பார்கள். அந்த மாதங்களுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோ வங்கியில் சம்பளம் விழுந்த ஸ்டேட்மென்ட்டோ இருந்தால் உண்மையான தேதியையே எழுதலாம். எதுவுமே இல்லையென்றால் பிஎஃப் தேதியை எழுதிவிட்டுப் போங்கள். சில மாத அனுபவத்துக்காகச் சண்டை போட வேண்டாம்.

இரண்டாவது, விலகிய தேதியே பதிவாகியிருக்காது. பழைய கம்பெனி கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும். கடைசியாகப் பிஎஃப் கட்டி இரண்டு மாதம் கடந்திருந்தால் நீங்களே போர்ட்டலில் 'மார்க் எக்ஸிட்' வழியாகப் போட்டுக்கொள்ளலாம். ஒருமுறை போட்ட தேதியை மாற்றுவது லேசில்லை, ரிலீவிங் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

மூன்றாவது, இரண்டு கம்பெனியின் காலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். நோட்டீஸ் பீரியட் முடியாமல் அடுத்த இடத்தில் சேர்ந்தவர்களுக்கு இது வரும். புது இடத்தில் கேட்பார்கள். என்ன நடந்தது என்று நேராகச் சொல்லப் பதில் தயாராக இருக்கட்டும்.

இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிலீவிங் லெட்டரைக் கடைசி நாளுக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். வெளியே வந்த பிறகு அந்தக் காகிதத்துக்காக எத்தனை முறை போன் போட்டாலும் 'சார் மீட்டிங்கில் இருக்கிறார்' என்ற பதில்தான் வரும்.

4. ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்

பத்து வருட அனுபவத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒரு பக்கம் போதும். அதற்கு மேல் என்றால் இரண்டு. மொழி ஆங்கிலம்தான். எளிய ஆங்கிலம். கடையில் இருக்கும் ஃபைலில் 'குறிக்கோள்' என்று மூன்று வரி பந்தாவான ஆங்கிலம் இருக்கும். சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கு என்று நீளும். ஒரு கட்டு ரெஸ்யூமேயில் அதே வரி அதே எழுத்துப்பிழையோடு திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்திருக்கிறேன். அதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் நீங்கள் யார் என்று இரண்டு வரி எழுதுங்கள்: 'டிப்ளமோ கெமிக்கல். நான்கு வருடம் பேட்ச் பிளான்ட் அனுபவம். மூன்று ஷிஃப்டுக்கும் தயார்.'

வரிசை இப்படி: பெயர், செல் எண், மெயில், ஊர். பிறகு அந்த இரண்டு வரி. பிறகு வேலை அனுபவம், கடைசி வேலை முதலில். பிறகு படிப்பு, கடைசிப் படிப்பு முதலில். பிறகு தெரிந்த வேலைகள், மொழிகள்.

முகவரிக்கு ஊரும் பின்கோடும் போதும். கதவு எண், குறுக்குத் தெரு எல்லாம் வேண்டாம். ஆனால் கடலூரில் இருந்துகொண்டு புதுச்சேரி வேலைக்குப் போடுபவர்கள் ஒரு வரி சேர்த்தாக வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது 25 கிலோமீட்டர்போலத்தான். இருந்தாலும் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை எல்லாம் நகரத்தைத் தாண்டி அந்தப் பக்கம். 'கடலூர்' என்று பார்த்ததும் தினமும் எப்படி வருவார், நைட் ஷிஃப்டுக்கு என்ன செய்வார் என்ற கேள்வி எச்ஆருக்கு வரும். 'சொந்த டூவீலர் உண்டு, தினமும் வந்து போகத் தயார்' என்றோ 'புதுச்சேரியில் தங்கத் தயார்' என்றோ போட்டுவிட்டால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது. லைசென்ஸ் இல்லாமல் டூவீலர் என்று எழுதிவிடாதீர்கள், காகிதம் இருந்தால்தான் எழுதலாம் என்பது இதற்கும் பொருந்தும்.

வேண்டாதவை: அப்பா பெயர், தொழில், மதம், சாதி, திருமண நிலை, உயரம், எடை, பொழுதுபோக்கு. 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்' என்று கையெழுத்துப் போடும் பகுதியும் தனியார் வேலைக்குத் தேவையில்லை. கேட்டால் சேர்த்துக்கொள்ளலாம். போட்டோவும் கேட்டால் மட்டும். ஓட்டல் வரவேற்பு, ஷோரூம் வேலைகளுக்குச் சில இடங்களில் கேட்பார்கள். ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் ரெஸ்யூமேயில் போடவே போடாதீர்கள். அது எத்தனை கைக்கு மாறும் என்று உங்களுக்குத் தெரியாது.

மொழிகள் பகுதியில் தமிழ், ஆங்கிலம் என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பேச மட்டுமா, எழுதவுமா என்று போடுங்கள். புதுச்சேரியில் ஓட்டல், சுற்றுலா வேலைக்குப் போகிறவர்களுக்கு பிரெஞ்சு தெரிந்தால் அது பெரிய பலம். ஆனால் 'பிரெஞ்சு தெரியும்' என்றால் போதாது. டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதியிருந்தால் ஏ1, ஏ2, பி1 என்று எந்த நிலை என்பதையும் போடுங்கள். பள்ளியில் இரண்டாம் மொழியாகப் படித்தது என்றால் அப்படியே எழுதுங்கள். இன்டர்வியூவில் திடீரென்று பிரெஞ்சில் ஆரம்பிக்கும் ஆட்கள் அந்த ஊரில் உண்டு.

5. என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லும் வரிகள்

ரெஸ்யூமேயின் உயிர் இந்தப் பகுதி. ஒரு மணி நேரம் செலவழிக்கப் போகிறீர்கள் என்றால் முக்கால் மணி நேரம் இதற்குக் கொடுங்கள்.

அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் ஒருவரின் ரெஸ்யூமேயில் வழக்கமாக இருப்பது: 'அக்கவுன்ட்ஸ் வேலைகள் அனைத்தும் பார்த்தேன். டேலி தெரியும். ஜிஎஸ்டி தெரியும்.'

இதைப் படிப்பவருக்கு என்ன தெரிய வருகிறது? ஒன்றுமில்லை. அதே ஆளிடம் தினமும் என்ன செய்வீர்கள் என்று வாய்விட்டுக் கேட்டால் விஷயம் கொட்டும். காலையில் வந்ததும் பேங்க் என்ட்ரி. மதியம் பர்ச்சேஸ் பில். மாதம் பிறந்தால் ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள்: 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி. கடலூரில் இருந்து புதுச்சேரிக்குச் சரக்கு போனால் அது வெளி மாநிலம், ஐஜிஎஸ்டி போட வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில்லும் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போனால் அந்த வரம்பு ஒரு லட்சம். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ரெஸ்யூமேயில் மட்டும் இல்லை.

ஆகவே அவர் எழுத வேண்டியது:

- டேலி பிரைமில் தினசரி பர்ச்சேஸ், சேல்ஸ், பேங்க் என்ட்ரி. மாத இறுதியில் பேங்க் ரீகன்சிலியேஷன்
- தமிழ்நாடு (33), புதுச்சேரி (34) இரண்டு ஜிஎஸ்டி பதிவுக்கும் ஜிஎஸ்டிஆர்-1, 3பி விவரம் தயாரித்து ஆடிட்டருக்கு அனுப்பியது
- புதுச்சேரி, கடலூர் இடையே போகும் சரக்குக்கு இ-வே பில் எடுத்தது

இரண்டாவது வரியில் 'ஆடிட்டருக்கு அனுப்பியது' என்று இருப்பதைக் கவனியுங்கள். தாக்கல் செய்தவர் ஆடிட்டர், தயாரித்தவர் இவர். 'ஜிஎஸ்டி தாக்கல் செய்தேன்' என்று எழுதியிருந்தால் இன்டர்வியூவில் போர்ட்டலைத் திறந்து காட்டச் சொல்வார்கள். செய்த அளவுக்கே எழுதினால் பேச்சும் தானாக வரும்.

பிளான்ட் வேலைக்கும் இதே முறைதான். 'புரொடக்‌ஷனில் வேலை பார்த்தேன்' என்பதை எடுத்துவிட்டு, எந்த ரியாக்டர், எத்தனை கிலோலிட்டர், சார்ஜிங் முதல் சென்ட்ரிஃப்யூஜ் வரை நீங்களே பார்த்தீர்களா, பேட்ச் ஷீட் எழுதினீர்களா, வொர்க் பெர்மிட் நடைமுறை தெரியுமா, கன்ட்ரோல் ரூமில் டிசிஎஸ் திரையில் உட்கார்ந்தீர்களா அல்லது ஃபீல்டில் மட்டுமா என்று பிரித்து எழுதுங்கள். ஐடிஐ-யில் அட்டெண்டன்ட் ஆபரேட்டர் (கெமிக்கல் பிளான்ட்) டிரேடு, அதாவது ஏஓசிபி படித்தவர்கள் டிரேடு பெயரை முழுதாகப் போடுங்கள். சுருக்கம் எல்லா எச்ஆருக்கும் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனியின் ரகசிய விஷயம், பிராடக்ட் ஃபார்முலா பக்கம் மட்டும் போகாதீர்கள். பழைய இடத்து ரகசியத்தை ரெஸ்யூமேயிலேயே கொட்டுபவரை எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது.

வெல்டர் என்றால் எந்த முறை, எந்த பொசிஷன், 3ஜி-யா 6ஜி-யா, டெஸ்ட் சான்றிதழ் எந்த வருடம் என்பது வேண்டும். நர்ஸ் என்றால் கவுன்சில் பதிவு எண்ணும் எந்த வார்டு என்பதும். பில்லிங் வேலை என்றால் எந்த சாஃப்ட்வேர் என்பது போதும். டைப்ரைட்டிங்கை 'தமிழ் ஹையர், ஆங்கிலம் ஹையர்' என்று தெளிவாக எழுதுங்கள். ஹையர் என்றால் நிமிடத்துக்கு 45 வார்த்தை என்பது அலுவலகங்களுக்குத் தெரியும்.

'எம்எஸ் ஆபீஸ்' என்று எழுதுபவர்கள் எக்செல்லில் என்ன செய்யத் தெரியும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். விலுக்அப், பிவட் டேபிள் என்று போட்டால் அங்கேயே ஒரு ஷீட்டைக் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். தெரியாவிட்டால் போட வேண்டாம், தெரிந்தால் கட்டாயம் போடுங்கள்.

6. இப்போதுதான் படித்து முடித்தவர்களுக்கு

அனுபவம் இல்லை என்பதற்காகப் பக்கத்தை நிரப்ப எதையாவது எழுத வேண்டாம். படிப்பை மேலே கொண்டுவாருங்கள். பிறகு புராஜெக்ட், இன்-பிளான்ட் டிரெயினிங். எந்தக் கம்பெனி, எத்தனை நாள், அங்கே கண்ணால் பார்த்தது என்ன என்று இரண்டு மூன்று வரி எழுதுங்கள். நான் முதல்வன் திட்டத்தில் ஏதாவது கோர்ஸ் முடித்திருந்தால் சான்றிதழ் இருக்கும், அதையும் சேருங்கள். லீவில் அப்பாவின் கடையில் கணக்கு எழுதியது, மண்டபத்தில் கேட்டரிங் போனது எல்லாம் அனுபவம்தான். ஷிஃப்ட் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இதை மதிக்கிறார்கள்.

அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். 'ஒரு பேப்பர் நிலுவை, நவம்பரில் எழுதுகிறேன்' என்று எழுதிவிட்டால் அதற்கு ஏற்ற வேலைக்குக் கூப்பிடுவார்கள். சிஜிபிஏ-வைச் சதவீதமாக மாற்றச் சொன்னால் உங்கள் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில் மட்டும் மாற்றுங்கள். தொலைதூரக் கல்வியில் படித்திருந்தால் அப்படியே எழுதுங்கள். சான்றிதழைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

7. நடுவில் விட்டுப்போன வருடங்கள்

குரூப் 4-க்குப் படித்தது, பிள்ளை பிறந்தது, வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டது. நம் ஊரில் இந்த மூன்றும் இல்லாத வீடு அபூர்வம். '2021–2022: டிஎன்பிஎஸ்சி தேர்வுத் தயாரிப்பு' என்று ஒரே வரி போதும். தேதியை நீட்டி இடைவெளியை மறைத்தால் பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரி காட்டிக்கொடுத்துவிடும்.

8. ஃபைலாக மாற்றும்போது

செல்லில் கிடைக்கும் வண்ணமயமான டெம்ப்ளேட்டுகள் வேண்டாம். இடதுபக்கம் நீலப் பட்டை, ஒவ்வொரு திறமைக்கும் ஐந்து நட்சத்திரம், வட்டத்துக்குள் போட்டோ. பெரிய கம்பெனிகளும் சென்னை ஐடி நிறுவனங்களும் ரெஸ்யூமேயை முதலில் சாஃப்ட்வேரில் போட்டுப் படிக்கின்றன. பக்கத்தை நெடுக்கில் இரண்டாகப் பிரித்திருந்தாலோ, டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ் இருந்தாலோ அதற்கு வரிகள் குழம்பிவிடும். உள்ளூர் கம்பெனிகளில் வேறு பிரச்சினை. அவர்கள் கருப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் போட்டுத்தான் மேனேஜருக்குக் கொடுப்பார்கள். உங்கள் நீலப் பட்டை கரிப்பட்டையாக வந்து அதில் இருக்கும் செல் எண்ணே தெரியாது.

பக்கத்தை நெடுக்கில் பிரிக்காத ஒரே அமைப்பு, வெள்ளைப் பின்னணி, 11 அளவு எழுத்து. வேர்டில் அடித்து அங்கிருந்தே பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். பிரின்ட் எடுத்துப் போட்டோ பிடித்துப் பிடிஎஃப் ஆக்கக் கூடாது. சோதிக்க ஒரு வழி உண்டு: செல்லில் பிடிஎஃப்பைத் திறந்து உங்கள் பெயரின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். எழுத்து தனியாகத் தேர்வானால் சரி. முழுப் பக்கமும் படமாக நின்றால் திரும்பச் செய்யுங்கள்.

ஃபைலுக்கு உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வையுங்கள். 'நியூ ரெஸ்யூமே ஃபைனல் 3' என்ற பெயரில் எச்ஆரிடம் ஏற்கெனவே ஒரு டஜன் இருக்கும். கடையில் அடித்திருந்தால் ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் ஆத்தர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். முன்னால் வந்த வாடிக்கையாளரின் பெயர் அங்கே உட்கார்ந்திருக்கலாம். வேர்ட் ஃபைலையும் பென் டிரைவிலோ மெயிலிலோ கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு எழுத்தைத் திருத்தவும் மறுபடி அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும். வாங்கிய பிறகு கடை கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை அழிக்கச் சொல்லுங்கள், மெயிலில் இருந்து லாக் அவுட் செய்யுங்கள்.

9. செலவு

நீங்களே செல்லிலோ நண்பர் லேப்டாப்பிலோ அடித்தால் செலவு பிரின்ட்டுக்கு மட்டும்தான். கருப்பு வெள்ளை ஒரு பக்கம் 2 முதல் 5 ரூபாய். கடையில் அடித்துக் கொடுக்க 100 முதல் 200 வரை கேட்பார்கள். பாஸ்போர்ட் போட்டோ ஒரு செட் 100 ரூபாய்க்குள் முடியும். எந்த இடத்தில் கூடினாலும் மொத்தம் 500 ரூபாயைத் தாண்ட வேண்டியதில்லை.

'புரொஃபஷனல் ரெஸ்யூமே' என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் கொடுக்க வேண்டாம். 5-வது பகுதியில் சொன்ன வரிகளை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது. பணம் வாங்கியவரும் உங்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். ஆங்கிலம் தகராறு என்றால் தெரிந்த ஆசிரியர் யாரிடமாவது காட்டுங்கள், அரை மணி நேரத்தில் திருத்திக் கொடுப்பார்.

10. எங்கே, எப்போது கொடுப்பது

தமிழ்நாட்டு முகவரி இருப்பவர்கள் அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் இலவசமாகப் பதியலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தனியார் வேலைவாய்ப்பு முகாம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் நடக்கும். தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு, முந்தின நாளே பத்துப் பதினைந்து பிரதி எடுத்துவிடுங்கள். முகாம் அன்று காலை பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வரிசை நிற்கும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண் தனியார் ரெஸ்யூமேக்குத் தேவையில்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதை விட்டுவிடாதீர்கள், அது அரசு வேலைக்கான வேறு கணக்கு. புதுச்சேரிக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் தனி. அங்கே அரசுப் பணி என்றால் குடியிருப்புச் சான்று கேட்பார்கள். தனியாருக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

நௌக்ரி போன்ற தளங்களில் ஃபைல் 2 எம்பி-க்குள் இருக்க வேண்டும். அங்கே ஒருமுறை ஏற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள். எச்ஆர்கள் சமீபத்தில் உள்ளே வந்தவர்களைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள், வாரம் ஒருமுறையாவது உள்ளே போய் ஏதாவது ஒரு வரியைப் புதுப்பியுங்கள்.

மெயிலில் அனுப்பினால் சப்ஜெக்டில் வேலையின் பெயர், உங்கள் பெயர், அனுபவம். உள்ளே நான்கு வரி. வெறும் மெயிலில் ஃபைலை மட்டும் மாட்டி அனுப்புபவர்கள்தான் அதிகம். வாட்ஸ்அப்பில் கேட்டால் பிடிஎஃப்பாகவே அனுப்புங்கள், போட்டோவாக வேண்டாம்.

இன்னொன்று: தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் ஆட்கள் இடம் மாறுவார்கள். சம்பள உயர்வு வந்த கையோடு ஏப்ரல், மே மாதங்களிலும் அதே கதை. அப்போது காலியிடம் வரும் என்பது என் அனுபவம். போனஸுக்கு முந்தைய மாதமே ரெஸ்யூமே தயாராக இருந்தால் நல்லது.

கன்சல்டன்சி விஷயத்தில் ஜாக்கிரதை. புதுச்சேரியில் ஓர் இடத்தில் 'பதிவுக் கட்டணம்' என்று வாங்கிக்கொண்டு, செய்தித்தாளில் வந்திருந்த விளம்பரத்தையே பேப்பரில் எழுதிக் கொடுத்தார்கள் எனக்கு. ஒழுங்கான கன்சல்டன்சிக்கு ஆள் எடுக்கும் கம்பெனிதான் பணம் கொடுக்கும். வேலைக்கு முன்பணம், யூனிஃபார்ம் பணம், லேப்டாப் டெபாசிட் என்று யார் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். சிங்கப்பூர், வளைகுடா வேலை என்றால் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்தவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள்.

11. போன் வந்த பிறகு

ரெஸ்யூமேயில் இருக்கும் எண்ணையே பயன்படுத்துங்கள். சிம் மாற்றியிருந்தால் கொடுத்த எல்லா இடத்திலும் திருத்த வேண்டும். எந்தெந்தக் கம்பெனிக்கு எந்த வேலைக்குக் கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், 'எந்தக் கம்பெனிங்க?' என்று திரும்பக் கேட்கும் சங்கடம் இருக்காது.

இன்டர்வியூவுக்குப் போகும்போது ரெஸ்யூமே இரண்டு பிரதி, சான்றிதழ்களின் ஜெராக்ஸ் ஒரு செட், ஒரிஜினல் தனி ஃபைலில். ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு இலக்கத்தை மறைத்த மாஸ்க்டு ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுங்கள். நகல்களின் மேல் கம்பெனி பெயரையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சம்பளம் பேசும்போது சிடிசி-யை, அதாவது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவுக் கணக்கைக் கேட்டுத் தலையாட்டாமல், பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களைக் கம்பெனியிலேயே வைத்துக்கொள்கிறோம் என்று சில இடங்களில் சொல்வார்கள். சரிபார்க்கக் காட்டலாம், ஒப்படைக்கக் கூடாது. வேறு வழியே இல்லை என்ற நிலை வந்தால், எந்தெந்தச் சான்றிதழ், எந்த எண், எப்போது திருப்பித் தருவார்கள் என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி, சீல் வைத்துக் கையெழுத்து வாங்காமல் ஒரு தாளையும் மேஜையில் விட்டுவிட்டு வராதீர்கள்.